வளர்ப்பும் பாதுகாவலும்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி ஒரு பழங்கதை வழங்கி வருகிறது. மலையாளி என்றவுடன் கேரள நாட்டாரை எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் தமிழ் பேசும் மலைக்குடிகளுக்கு வழங்கும் பெயர் இது. வட ஆற்காடு மாவட்டக் கையேடும், 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய பெருநூலும் அக்கதையைக் குறித்து வைத்துள்ளன.

கங்குந்தியைச் சேர்ந்த வேடர் சிலர் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. வேடரை வென்று பெண்களை மீட்டு வந்தபோது, அந்த எழுவருக்கும் ஈமக்கடன் முடிந்திருந்தது. மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடு வந்தவர்களை ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறி, நிலம் திருத்தி வாழ்ந்தனர் என்று கதை முடிகிறது.

இக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் கதை கேட்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. அந்த எழுவருக்கும் காஞ்சியில் பிள்ளைகள் இருந்தால், அவர்களை வளர்த்தவர் யார்? கதை அதைச் சொல்லவில்லை. செங்கம் வட்டாரத்தில் மகேந்திரவர்மன் காலம் தொட்டு நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்டு இறந்தவன் பெயரை அவை சொல்கின்றன. அவன் விட்டுச் சென்ற குழந்தையைத் தோளில் சுமந்தவர் பெயரை அவை சொல்வதில்லை. பெரும்பாலும் அவர் பாட்டனாராகவோ பாட்டியாராகவோ இருந்திருப்பார்.

செய்யாறு, நாகநதி, கமண்டல நதி, மிருகண்டா நதி ஆகியவை பிறக்கும் இம்மலையில் சாமையும் புளியும் கடுக்காயும் தேனும் விளையும். விளைவு ஆண்டு முழுவதற்கும் போதுவதில்லை. ஆதலால் ஆடவரும் பெண்டிரும் பிழைப்பை நாடிக் கேரளத்துக்கும், கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும், திருப்பூருக்கும் இறங்குகின்றனர். சிலர் தரகர் சொல் கேட்டு ஆந்திரக் காடுகளுக்குச் செல்கின்றனர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர் என்று கூறப்பட்ட 20 தொழிலாளர் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தோரே அவர்களுள் மிகுதி; ஜவ்வாது மலையினரும் இருந்தனர். இத்தகைய இழப்பு நேர்ந்த இல்லங்களிலும், பெற்றோர் பிழைப்புக்குப் போன இல்லங்களிலும் பேரப் பிள்ளைகளை முதியோரே வளர்க்கின்றனர். அவர்கள் செய்வது அன்பின் கடமை என்று எவரும் ஒப்புவர். அந்தக் கடமைக்குச் சட்டம் என்ன பெயர் இடுகிறது என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள்.

சட்டத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று வளர்ப்புப் பொறுப்பு. குழந்தை யாரிடம் இருக்கிறது, யார் சோறிட்டுத் துயில்விக்கிறார் என்பது இதனுள் அடங்கும். மற்றொன்று பாதுகாவல். குழந்தைக்காக முடிவு செய்யவும், கையொப்பம் இடவும், அதன் சொத்தைக் காக்கவும், அதற்காகப் பேசவும் உள்ள தகுதி அது. நம் பத்திரங்களில் "மைனருக்குக் கார்டியனும் தகப்பனாருமான இன்னார்" என்று எழுதுவது இத்தகுதியைக் குறித்தே. தகப்பனார் இருக்கும் வீட்டில் இரண்டும் ஒருவரிடமே இருப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பாட்டன் வீட்டில் அது தெரிகிறது. வளர்ப்பு அவரிடம் இருக்கிறது. பாதுகாவல் அவரிடம் இல்லாமலும் இருக்கலாம்.

இவ்வேறுபாடு வெள்ளையர் கொண்டு வந்த புதுமை அன்று. பாரி மாய்ந்தபின் அவன் மகளிர்க்குப் பொறுப்பேற்றவர் கபிலர். அவர்களுக்கு மணம் முடிக்க வேண்டி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று பேசியவர் அவரே. ஆயினும் அம்மகளிரைப் பார்ப்பார் இல்லத்தில் அடைக்கலமாக வைத்தார் என்று பழைய குறிப்புகள் கூறும். பேசும் பொறுப்பு புலவரிடம். உண்டியும் உறையுளும் மற்றொருவரிடம். கௌடில்யர் சிறுவரின் சொத்தை அவர்கள் வயது வரும்வரை ஊர் முதியோர் பெருக்கி வைக்க வேண்டும் என்றார். மனு அப்பொறுப்பை அரசனுக்கே தந்தார். பழைய உரோமாபுரியிலும், பிள்ளைக்கு நியமிக்கப்பட்ட காவலர் சொத்தைக் கவனிக்க, பிள்ளை தாயிடம் வளர்வது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் நிலக்கிழமை ஓங்கியிருந்த நாளில், சிறுவனின் சொத்து எந்த உறவினருக்குப் போய்ச் சேர வாய்ப்பில்லையோ அவரே அவனுக்குக் காவலராக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. உறவினர் மீது சட்டத்துக்கு இருந்த ஐயம் எவ்வளவு ஆழமானது என்பதை இவ்விதி காட்டும். பாட்டனார் மீது அத்தகைய ஐயம் கொள்ள நம் நெஞ்சு இடந்தருவதில்லை. ஆனால் சித்தப்பன் கதைகளைக் கேட்டவர்கள் அவ்விதியை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் ஆங்கில ஆட்சி முதன்முதல் கவலைப்பட்டது ஜமீன் பிள்ளைகளைப் பற்றியே. 1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குமுறை கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. பின்னர் 1902-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. இளம் ஜமீன்தார்களின் நிலத்தை அரசு நிருவகித்தது. சென்னையில் நியூவிங்டன் மாளிகையில் அவர்கள் தங்கிப் பயின்றனர். வரி செலுத்தும் பெருநிலம் உடைய பிள்ளைக்கு இவ்வளவு ஏற்பாடு. மலையில் இரண்டு காணி சாமைக்கொல்லை உடைய பிள்ளைக்கு ஊராரும் நாட்டாருமே எல்லாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சட்டம் 1890-இல் வந்தது. பாதுகாவலர் மற்றும் மைனர்கள் சட்டம் என்று அதனைக் கூறலாம். சமயம், குலம் எதையும் பாராமல் இன்றளவும் நடப்பில் இருப்பது அது. மைனரின் நலத்துக்குத் தேவை என்று கண்டால் மாவட்ட நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கலாம். குழந்தையின் வயது, சமயம், விண்ணப்பிப்பவரின் ஒழுக்கமும் திறமும், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றை நீதிபதி எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை அறிவுடன் விருப்பம் சொல்லும் வயதினதாயின் அதன் விருப்பத்தையும் கருதலாம். அந்நாளில் இயற்றப்பட்ட சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பது வியப்புக்குரியது.

ஆயினும் இச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒரு கதவை அடைத்தது. தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைக் குழந்தையின் பாதுகாவலராக நியமிக்கலாகாது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் தாயையும் சேர்த்துத் தாய்க்குரிய இடத்தைத் தந்தது. அது வேண்டிய திருத்தமே. பாட்டன் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

இந்தப் பிரிவின் வலிமையை நம் சென்னையில் நடந்த புகழ்மிக்க வழக்கு ஒன்று விளக்கும். நாராயணய்யா என்பவர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஒரு கடிதம் எழுதித் தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தன் இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பாதுகாவலில் ஒப்படைத்தார். அக்கிருஷ்ணமூர்த்தியே பிற்காலத்தில் உலகம் அறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அம்மையார் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று கல்வி பயில வைத்தார். தந்தையின் மனம் மாறியது. 1912-இல் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காகச் சி. பி. இராமசாமி ஐயர் வாதிட, அம்மையார் தமக்குத் தாமே வாதிட்டார். 1913-இல் நீதிபதி பேக்வெல் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1914 மே மாதம் அதை மாற்றி வழக்கைத் தள்ளியது.

அம்மையார் வென்றார் என்று செய்தி பரவிற்று. தீர்ப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று தெரியும். பாதுகாவல் என்பது ஒரு தூய நம்பிக்கைப் பொறுப்பு. தந்தை தம் உயிருள்ளவரை அதை மீட்க முடியாதபடி மற்றொருவருக்குத் தந்துவிட இயலாது. வளர்ப்பையும் கல்வியையும் பிறரிடம் ஒப்படைக்கலாம், அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறவும் செய்யலாம் என்று பிரிவி கவுன்சில் கூறியது. தந்தை தகுதியற்றவர் அல்லர் என்பதால் 19-ஆம் பிரிவின்படி வேறு பாதுகாவலரை அறிவிக்கவும் இடமில்லை என்றது. ஆனால் பிள்ளைகள் வழக்கமாக வாழும் இடம் இங்கிலாந்தாகிவிட்டதால் செங்கற்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்காமல் தீர்த்தது முறையன்று என்று கண்டது. ஆகவே சட்டத்தில் பாதுகாவல் தந்தையிடமே நின்றது. வளர்ப்பு மட்டும் அம்மையாரிடம் இருந்தது. இரு சொற்களும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற வழக்கு வேறொன்றை எளிதில் காட்ட முடியாது.

மலைக்குத் திரும்புவோம். பிழைப்புக்குப் புறப்படும் மகன் தன் பிள்ளையைத் தகப்பனாரிடம் விட்டு, ஊர்ப் பெரியவர் முன் வெள்ளைத் தாளில் ஒப்புதல் எழுதிக் கொடுத்தால் அதன் மதிப்பு என்ன? நாராயணய்யா எழுதிய கடிதத்தின் மதிப்பே. மகன் திரும்பி வந்து கேட்டால் தாள் தடுக்காது. மகன் திரும்பி வரவே இல்லை என்றால், பாட்டனைப் பாதுகாவலராக்க அத்தாள் போதாது.

இவ்விடத்தில் 1956-ஆம் ஆண்டை நினைவு கூர வேண்டும். இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. தந்தையும் அவருக்குப்பின் தாயும் இயற்கைப் பாதுகாவலர் என்று அது வகுத்தது. "அவருக்குப்பின்" என்பது அவர் இறந்தபின் என்று மட்டும் பொருள்படாது, அவர் கவனிக்காத நிலையிலும் என்று பொருள்படும் என உச்ச நீதிமன்றம் 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கியது. அச்சட்டம் பாட்டனை இயற்கைப் பாதுகாவலர் வரிசையில் வைக்கவில்லை. நியமனம் இன்றி நடைமுறையில் பாதுகாவலராக இருப்பவர் மைனர் சொத்தைத் தொடக் கூடாது என்றும் தடுத்தது.

ஆனால் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பட்டியலில் கண்ட பழங்குடியினருக்கு அது செல்லாது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் மலையாளிகள் அப்பட்டியலில் உள்ளவர்கள். அவர்கள் தெய்வம் தொழும் முறையைக் கண்டு இந்துச் சட்டம் இவர்களுக்கும் உண்டு என்று கீழ்நாட்டு எழுத்தர் எண்ணுவது இயல்பு. அது சரியன்று. ஜவ்வாது மலைப் பிள்ளைக்கு உள்ளவை இரண்டே: தம் குல வழக்கம் ஒன்று, 1890-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொன்று. அச்சட்டமும் மைனருக்குரிய சட்டத்தோடு முரணாதபடியே நலம் நாட வேண்டும் என்கிறது. ஆகையால் பாட்டனார் பேரனைக் காப்பது எங்கள் வழக்கம் என்று நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் கூண்டேறிச் சொல்லும் சாட்சி வெறும் ஊர்ப்பேச்சு ஆகாது. வழக்கத்தை மெய்ப்பிக்கும் ஆதாரம் அது. ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவு நீதிமன்ற ஆணை ஆகாது என்பது உண்மை. ஆனால் அதை எழுதி வைப்பதில் பயன் இல்லை என்று சொல்பவர் சட்டத்தை முழுதும் படியாதவர் என்பது என் கருத்து.

இனித் துன்பமான பகுதிக்கு வருகிறோம். வெளியூர் போன மகனிடமிருந்து செய்தி இல்லை. இறந்தானா, எங்கேனும் சிறையில் இருக்கிறானா, வேறு குடித்தனம் வைத்தானா என்று தெரியவில்லை. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-இல் ஒரு விதி செய்தது. இயல்பாகச் செய்தி பெறவேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் ஒருவனைப் பற்றிக் கேள்விப்படாதிருந்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியை வைத்துக்கொண்டது. காஞ்சிபுரத்து மனைவியர் நாய்கள் திரும்பிய அன்றே ஈமக்கடன் செய்தனர்; நம் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. உயிருள்ளவனை இறந்தவனாக்கிய ஊரின் பிழையை எண்ணினால் சட்டத்தின் தயக்கம் நியாயமானது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஏழு ஆண்டு என்பது அதன் இளமை முழுவதும் ஆகும். அதுவரை காத்திராமல், பிள்ளையைக் கைவிட்டதைக் காட்டி, தந்தை பாதுகாவலராக இருக்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றத்தில் வாதிடும் வழி உண்டு. தம் மகனைத் தகுதியற்றவன் என்று மேடையேறிச் சொல்ல எந்தத் தாய்க்கு நா எழும்?

பாதுகாவல் இல்லாமல் எவ்வளவு தொலைவு செல்லலாம்? பலர் அஞ்சுவதைவிடச் சற்று அதிகமாகவே செல்லலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையைக் கவனித்து வளர்ப்பவரையும் பாதுகாவலர் என்றே கொள்கிறது. ஆகவே பள்ளியில் சேர்க்கப் பாட்டியின் கைரேகை போதும். நீதிமன்ற ஆணை கேட்பது முறையன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தை உண்மையில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று குழந்தைகள் நலக்குழு காண்கிறதோ அவரைத் தன் விசாரணையில் பாதுகாவலராக ஏற்கிறது. கொரோனா நோயால் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021-இல் தமிழக அரசு 5 இலட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், உறவினரிடம் வளர்வோர்க்கு மாதம் 3000 ரூபாயும் அறிவித்தது. வைப்புத் தொகை பிள்ளைக்கு 18 வயது நிறையும்போதே கைக்கு வரும். வளர்ப்பவர்க்கு மாதச் செலவு, பிள்ளைக்கு முதல் என்று இரண்டையும் பிரித்த முறை நன்று.

சிக்கல் நிலத்தில் தொடங்குகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி தரப்படும் உரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும். அது மரபுரிமையாக இறங்கும். விற்கவோ மாற்றவோ முடியாது. பெற்றோர் மாண்டால் நிலம் பிள்ளையைச் சேரும். வளர்க்கும் பாட்டன் அதில் ஏர் பூட்டுவதை எவரும் தடுப்பதில்லை. பட்டா நிலமாயின் அடைமானம் கேட்போர் வருவர், குத்தகை கேட்போர் வருவர், பங்காளிகளும் வருவர். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கூட அனுமதி பெறாமல் மைனர் நிலத்தை விற்கவோ, அடைமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ கூடாது. கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். நியமனம் பெறாத பாட்டனோ பேரனுக்காக எதிர்த்து நிற்க வேண்டுமானால் வழக்குத்தோறும் உற்ற நண்பர் என்ற பெயரில்தான் நிற்க முடியும். அப்பெயர் அந்த ஒரு வழக்கோடு முடிந்துவிடும்.

அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றம் முதியோர் பக்கம் கனிவு காட்டியிருக்கிறது. கருநாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தாயை இழந்த பிள்ளைகளைப் பற்றி 2010-இல் தீர்ப்பளிக்கையில், தந்தை பாதுகாவலராகத் தகுதி உடையவர் என்பதனாலேயே தாய்வழி உறவினர் வளர்ப்புப் பொறுப்புக் கோருவது தோற்றுவிடாது. இரண்டும் வெவ்வேறு என்றது. 2022 சூன் மாதம் வந்த மற்றொரு தீர்ப்பு குஜராத்தைச் சேர்ந்தது. கொரோனாவால் தாய் தந்தையர் இருவரையும் இழந்த ஐந்து வயதுச் சிறுவனை, வயதையும் வருமானத்தையும் கருதி உயர் நீதிமன்றம் சிற்றன்னை முறையினரிடம் தந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தந்தைவழிப் பாட்டன் பாட்டியரிடம் சேர்த்தது. பேரப் பிள்ளையை முதியோர் போற்றி வளர்ப்பர் என்பதில் ஐயம் கொள்ளலாகாது, வருமானம் ஒன்றே அளவுகோல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மலைமேல் நூறு நாள் வேலையை நம்பி வாழும் கிழவிக்கும் இச்சொற்கள் உரியவையே.

ஆயினும் முதுமை முதுமைதான். பாதுகாவலர் இறந்தால் அவரது அதிகாரம் அன்றே முடியும். நீதிமன்றம் நியமித்த பாட்டன், தமக்குப்பின் இன்னார் என்று உயில் எழுதிவிட முடியாது. இதற்கு ஒரு மாற்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. குல வழக்கம் இடந்தருமாயின் இருவரைக் கூட்டாக நியமிக்கலாம். ஒருவர் மறைந்தால் மற்றவரிடம் பாதுகாவல் தொடரும். பாட்டனோடு ஒரு மாமனையோ அத்தையையோ சேர்த்து விண்ணப்பித்தால் பிள்ளை மறுமுறை அநாதையாகாது.

விண்ணப்பிக்க மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். பழைய வட ஆற்காட்டில் மாவட்ட நீதிமன்றம் வேலூரில் இருந்தது. 1989-இல் திருவண்ணாமலையும் 2019-இல் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. மலையும் பிரிந்தது: ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டத்தில், புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் மற்றொன்றில். பிள்ளை வழக்கமாக வாழும் இடமே எந்த நீதிமன்றம் என்பதை முடிவு செய்யும். பெசன்ட் அம்மையார் வழக்கு புரண்டது அந்த ஒரு புள்ளியில்தான். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், உறைவிடம், சொத்தின் விவரம், நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் காட்ட வேண்டும். வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இருப்பதில்லை. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய முன்பு முதல் வகுப்பு நடுவர் ஆணை வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் ஆகியோரிடம் கொணர்ந்தது. தகப்பனின் இறப்போ இறந்த இடத்தில் பதிவாகும். குடகில் மாண்டவனுக்குக் குடகில்தான் சான்று கிடைக்கும்.

இவ்வளவையும் எழுத்தறியாத முதியவள் ஒருத்தி தானே தேடிச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் விதிக்கவில்லை. யார் விண்ணப்பிக்கலாம் என்று கூறும் எட்டாம் பிரிவில் உறவினரையும் நண்பரையும் அடுத்து மாவட்ட ஆட்சியர் பெயரும் உள்ளது. பிள்ளை வாழும் மாவட்டத்தின் ஆட்சியர் தாமே பாதுகாவலர் நியமனம் வேண்டலாம். மற்றவர் முறைப்படி மனு எழுதிச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். ஆட்சியர் ஒரு கடிதம் எழுதினால் போதும். அதைத் தபாலிலேயே நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று பத்தாம் பிரிவு சொல்கிறது.